விருந்தாளியும் மண்வெட்டியும்

உதவி நல்லது என்பதிலே எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒருவேளை அக்காரணம் பற்றியே, உதவி எனப்படுவது யாது, அதன் அளவைத் தீர்மானிப்பவர் எவர், அதனைக் கேட்டவர் யார் என்ற வினாக்களை நாம் அதிகம் எழுப்புவதில்லை. சுரண்டலை ஆராய்வதற்கு நம்மிடம் கருவிகள் உள்ளன. தயவை ஆராய்வதற்கு அவ்வளவு கருவிகள் இல்லை. தயவை ஆராயத் தொடங்குபவன் கல்நெஞ்சன் என்ற பெயரையும் எளிதிற் பெற்றுவிடுகின்றான். அப்பெயர் கிடைத்தாலும் பாதகமில்லை என்ற துணிவோடு ஒரு குறிப்பிட்ட உதவியை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கிழக்காபிரிக்காவிலே கென்யாவின் தென்பகுதியிலும் தன்சானியாவின் வடபகுதியிலும், இரு நாட்டு எல்லைக்கும் இருபுறமாக, மசாய் மக்கள் வாழ்கின்றனர். மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றை மேய்த்து வாழ்வது அவர்களது பரம்பரைத் தொழில். சிவந்த போர்வையும் ஈட்டியும் மணிமாலைகளுமாக அவர்களது உருவம் உல்லாசப் பயண விளம்பரங்களிலே உலகெங்கும் பரவியிருக்கின்றது. ஆண்டுதோறும் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் தொண்டர்களாகப் புறப்பட்டு, மசாய்க் குடும்பமொன்றின் வீட்டிலே இரண்டு வாரமோ இரண்டு மாதமோ தங்கி, அயலிலுள்ள பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கின்றனர். சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர். மலசலகூடத்துக்குக் குழி தோண்டுகின்றனர். இதற்காக அவர்களை அனுப்பும் கம்பனிக்குக் கணிசமான பணமும் கட்டுகின்றனர். அப்பணத்திலே ஒரு பகுதி விருந்தளிக்கும் குடும்பத்தைச் சென்றடைகின்றது. எஞ்சியது எங்கெங்கே தங்குகின்றது என்பதைக் கம்பனியின் கணக்கேடு அறியும்.

இவர்களை எள்ளி நகையாடுவது மிக எளிது. அதனைச் செய்வதற்கு நமக்கு விருப்பமில்லை. சொந்தச் சுகத்தைவிட்டுத் தூரதேசமொன்றிலே பிறர் துன்பத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று பத்தொன்பது வயதிலே ஒருவனுக்குத் தோன்றுமானால், அந்த எண்ணத்திலே மானிட நேயத்தின் பொறியொன்று இருக்கவே செய்கின்றது. அப்பொறியை ஊதி அணைப்பவன் முற்போக்காளன் ஆகான். நமது வினா அவர்களுடைய மனத்தைப் பற்றியதன்று, உறவைப் பற்றியது. ஒரு வீட்டிலே விருந்தாளியாக உண்டு உறங்கும் ஒருவன், அதே வேளையில் அவ்வீட்டாருக்குக் கொடையாளியாகவும் இருக்க முடியுமா?

முதலில் அந்த வீட்டைப் பார்ப்போம். மசாய் வீட்டைக் கட்டுபவள் பெண். கம்புகளை நாட்டி, சுள்ளிகளை வளைத்துப் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அவள் அதனை எழுப்புகின்றாள். மழை ஒழுகினால் ஏறிப் பூசுபவளும் அவளே. பல வீடுகள் சேர்ந்து, நடுவிலே மாட்டுப்பட்டியும் சுற்றிலும் முள்வேலியுமாக ஒரு குடியிருப்பு அமையும். இளங்கன்றுகளும் ஆட்டுக்குட்டிகளும் இரவிலே வீட்டுக்குள்ளேயே உறங்குவதுண்டு. பால் கறப்பவளும் பெண். சுரைக்குடுவையைக் காட்டொலிவ மரத்தின் கொள்ளியால் உள்ளே சுட்டுத் தூய்மையாக்கி, அந்தப் புகைமணத்தோடு பாலை நிறைப்பவளும் அவளே. தண்ணீரும் விறகும் அவளது முதுகிலே வருகின்றன. கழுதை இருந்தால் அதன் முதுகிலே வருகின்றன. வறட்சிக் காலத்திலே அந்த நடை பல மைல் நீளும்.

இந்த வீட்டிற்கு ஒரு விருந்தாளி வருகின்றார். அவருக்குப் படுக்கை ஒதுக்கப்படுகின்றது. பாலூற்றிய தேநீரும் சோளமாக் களியும் கொடுக்கப்படுகின்றன. அவர் முகங் கழுவுவதற்கான நீரும் அந்த முதுகிலேதான் வருகின்றது. மாடு எது, கன்று எது என்பதையும், பெரியவர் முன்னே சிறுவர் தலைகுனிந்து நிற்க அவர் தலையைத் தொடுவதே வணக்கம் என்பதையும் அவருக்குக் கற்பிக்கின்றனர். ஊருக்குத் திரும்பிய பின் தமது வாழ்க்கை மாறிவிட்டது என்று அவர் சொல்லுகின்றார். அது பெரும்பாலும் பொய்யன்று. உணவும் உறையுளும் கல்வியும் பெற்றவர் எவரோ அவரைப் பெறுநர் என்பதுதானே வழக்கம்? ஆனால் இங்கே மாத்திரம் பெற்றவருக்குக் கொடையாளி என்ற பெயரும், கொடுத்தவளுக்கு உதவி பெறுபவள் என்ற பெயரும் வழங்குகின்றன. இந்தப் பெயர் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

தன்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே 1962இல் ஆபிரிக்க சோஷலிசத்தின் அடிப்படையை விளக்கி எழுதிய சிறு பிரசுரத்திலே ஒரு சுவாஹிலிப் பழமொழியைக் கையாண்டார். விருந்தாளியை இரண்டு நாள் விருந்தாளியாக நடத்து, மூன்றாம் நாள் அவன் கையிலே மண்வெட்டியைக் கொடு என்பது அதன் கருத்து. உழைப்பவரின் சமுதாயத்திலே உழையாது உண்பவனுக்கு இடமில்லை என்பதைக் காட்டவே நைரேரே அதனை எடுத்தாண்டார். தொண்டர்களுக்கு இப்பழமொழி மிகவும் பொருத்தமானது என்று முதற்பார்வையிலே தோன்றும். அவர்கள் மூன்றாம் நாள் வரையும்கூடக் காத்திருப்பதில்லை. மண்வெட்டியைத் தாமே கொண்டுவந்துவிடுகின்றனர். ஆனால் பழமொழியிலே மண்வெட்டியைக் கொடுப்பவன் வீட்டுக்காரன் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எந்த நிலத்தைக் கொத்த வேண்டும், எவ்வளவு ஆழம் கொத்த வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவன் அவன். தன் மண்வெட்டியோடு வந்து தான் விரும்பிய இடத்திலே கொத்துபவனுக்கு விருந்தாளி என்று பெயரில்லை.

வெளிநாட்டுத் தொண்டு என்ற ஏற்பாடு பிறந்த காலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரித்தானியாவிலே கடல்கடந்த தொண்டர் சேவை 1958இல் தொடங்கியது. அமெரிக்காவின் சமாதானப் படை 1961இல் ஜனாதிபதி கென்னடியால் நிறுவப்பட்டது. குடியேற்ற நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. நிருவாகிகள் கப்பலேறிய துறைமுகங்களிலே தொண்டர்கள் வந்திறங்கினர். சமாதானப் படையினர் முதன்முதலாகச் சென்ற நாடுகளிலே, அப்பொழுது தங்கனீக்கா என்று பெயர் பெற்றிருந்த இன்றைய தன்சானியாவும் ஒன்று. புதிய நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்ற கவலை அந்த ஏற்பாட்டின் அடியிலே இருந்தது. ஆயினும் அன்று சென்றவர் மொழிப் பயிற்சி பெற்று, இரண்டு ஆண்டுகள் தங்கி, சிறு உதவிப்பணத்தோடு பணிபுரிந்தார். இன்று பதினான்கு நாளைக்கு ஒருவர் தாமே பணம் கட்டிச் செல்கின்றார். அரசியலின் கருவியாக இருந்த தொண்டு சந்தையின் பண்டமாகிவிட்டது. பண்டம் என்றால் வாங்குபவனுக்குத் திருப்தியளிக்க வேண்டும். எனவே சுவர் எப்பொழுதும் வண்ணத்திற்குக் காத்துக்கொண்டேயிருக்கின்றது.

1968இலே மெக்சிக்கோவின் குவெர்னவாக்கா நகரில் கூடிய அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் இவான் இலிச் என்ற பாதிரியார் இதனை முகத்துக்கு நேரே கூறினார். பார்ப்பதற்கு வாருங்கள், கற்பதற்கு வாருங்கள், உதவி செய்வதற்கு மாத்திரம் வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். இந்தக் கடுமை இன்றும் பலருக்குக் கசக்கின்றது. இலிச் பாதி வழியே சென்றார் என்பது எமது கருத்து. உதவாதே என்று சொல்வதோடு அவர் நின்றுவிட்டார். உதவி என்ற உறவை அந்தந்த மக்கள் தாமே எவ்வாறு வகுத்திருக்கின்றனர் என்று அவர் அன்று கேட்கவில்லை. மசாய் மக்களிடம் இதற்கு மிகத் தெளிவான விடையொன்று இருக்கின்றது.

அவர்களது மொழியிலே ஒசொட்டுவா என்றொரு சொல் உண்டு. தொப்புள்கொடி என்பது அதன் நேர்ப்பொருள். ஒருவருக்கொருவர் தேவைக்கு உதவுவதாகப் பிணைந்துகொண்ட இருவரின் உறவுக்கும் அதுவே பெயர். இவ்வுறவிலே சில முறைமைகள் உள. தேவையுற்றவன் கேட்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். தேவையின் அளவுக்கு மேற்படக் கேட்பதும் கூடாது. கொடுப்பவன் தன் குடும்பம் கெடாத அளவுக்கே கொடுக்கக் கடமைப்பட்டவன். கொடுத்ததற்குக் கணக்கு வைப்பதில்லை. திருப்பித் தர வேண்டிய கடனுக்கு எசிலே என்று வேறொரு சொல் இருக்கின்றது. ஒருவன் வாழ்நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டேயிருக்க நேரலாம், மற்றவன் பெற்றுக்கொண்டேயிருக்க நேரலாம். எனினும் இருவரும் சமமானவரே, ஏனெனில் நாளைய வறட்சி எவனுடைய பட்டியை வெறுமையாக்கும் என்று எவனும் அறியான். இவை யாவற்றுக்கும் மேலாக மரியாதை வேண்டும். தொப்புள்கொடியைப் பகட்டுக்குப் பயன்படுத்துபவனை அவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

லீ குரொங்க் என்ற மானிடவியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்திலே கவனத்திற்குரியது. கென்யாவின் மசாய் மக்களிடையே அவர் ஒரு விளையாட்டை நடத்தினார். முதலாமவன் தன்னிடமுள்ள பணத்திலே விரும்பிய பகுதியை இரண்டாமவனுக்கு அனுப்புவான். அது மும்மடங்காகி அவனைச் சேரும். அவன் விரும்பியதைத் திருப்பி அனுப்புவான். ஒரு சாராரிடம் விளையாட்டின் விதிகள் மாத்திரம் கூறப்பட்டன. மற்றச் சாராரிடம் இது ஒசொட்டுவா விளையாட்டு என்ற ஒரு சொற்றொடரும் கூறப்பட்டது. தாராள உணர்ச்சியைத் தூண்டும் சொல்லல்லவா, கேட்டவர்கள் அள்ளி வழங்கியிருப்பர் என்றே நாம் எதிர்பார்ப்போம். நிகழ்ந்தது அதற்கு மாறானது. ஒசொட்டுவா என்று கேட்டவர்கள் குறைவாகவே அனுப்பினர். திரும்பி வரும் என்று எதிர்பார்த்ததும் குறைவே. எதிரே இருப்பவனுக்குத் தேவை இல்லாதபோது அள்ளிக்கொடுப்பது அந்த உறவின் இயல்பன்று. தேவையின்றிக் குவிக்கப்படும் கொடை மரியாதைக் குறைவு என்ற நுட்பமான உணர்வு அங்கே தொழிற்படுகின்றது.

இந்த அளவுகோலை வைத்துத் தொண்டரைப் பார்ப்போம். அவரை எவரும் கேட்கவில்லை. அவர் கொடுப்பது அவ்வீட்டாரின் தேவையின் அளவன்று; அவருடைய விடுமுறையின் அளவு. நாளை அவருக்குத் தேவை நேர்ந்தால் இவ்வீட்டார் அவருக்குக் கொடுப்பர் என்ற எண்ணம் அவருடைய கனவிலும் இல்லை. இவ்வளவும் இல்லாதபோது எஞ்சுவது தானம். தானம் எப்பொழுதும் மேலிருந்து கீழே இறங்குவது. தொப்புள்கொடியோ இருவரையும் ஒரே மட்டத்திலே கட்டுவது.

கீழிருந்து ஒரு கொடை வந்தால் மேலிருப்பவர் என்ன செய்வர் என்பதற்கு 2002ஆம் ஆண்டிலே ஓர் உதாரணம் கிடைத்தது. கென்யாவின் எனூசையென் என்ற கிராமத்தைச் சேர்ந்த கிமெலி நையோமா என்ற மசாய் மாணவர், 2001 செப்டம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கிலே இருந்தார். அங்கே நிகழ்ந்த கொடுமையை அவர் ஊர் திரும்பித் தம் மக்களுக்கு விவரித்தபோது, அவ்வூரார் 2002 ஜூன் மாதத்திலே 14 பசுக்களை அமெரிக்க மக்களுக்கு அளித்தனர். பசுவே செல்வமும் உணவும் வாழ்வுமாகக் கொண்ட மக்கள், துயருற்றவருக்குத் தம்மிடமுள்ளவற்றிலே தலையாயதைக் கொடுத்தனர். அமெரிக்கத் தூதரகத்தின் பிரதிநிதி நேரிலே வந்து நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் பசுக்களை எவ்வாறு கொண்டு செல்வது என்பது பெரும் பிரச்சினையாகிவிட்டது. விற்றுவிட்டு மணிமாலைகள் வாங்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. செய்தி ஒரு விநோதமாக உலகைச் சுற்றிவந்தது. ஈற்றிலே பசுக்கள் அவ்வூரிலேயே மந்தையாகப் பேணப்படுமென முடிவாகி, 2006இல் அவ்வூர்ப் பிள்ளைகள் 14 பேருக்குப் புலமைப்பரிசில் அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவுதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்ற நிலையிலே நான்கு ஆண்டுகள் தடுமாறிய வல்லரசுக்கு, மீண்டும் கொடுக்கும் நிலைக்கு வந்த பின்பே நிம்மதி பிறந்தது. பெறுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். செல்வந்த நாடுகளிலே அப்பயிற்சி அருகிவிட்டது.

இதுகாறும் நாம் நடத்தை முறைமைகளைப் பற்றியே பேசினோம். ஆனால் தொண்டர் உதவ வரும் அந்த வறுமை எங்கிருந்து வந்தது என்ற வினாவை எழுப்பாமல் அறத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறையானது. மசாய் மக்கள் என்றும் ஏழைகளாக இருந்தவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மாட்டுக் கொள்ளைநோயும் பெரியம்மையும் பஞ்சமும் அவர்களை வாட்டிய வேளையிலேதான் பிரித்தானியர் அந்நிலத்திலே கால் வைத்தனர். 1904இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நைவாஷா, நக்குரு முதலிய இடங்களையுடைய பள்ளத்தாக்கின் வளமான புல்வெளியை வெள்ளைக் குடியேற்றக்காரருக்கு விட்டுக்கொடுத்து, வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கிலுமாக இரு ஒதுக்கிடங்களுக்கு அவர்கள் நகர வேண்டும். அவ்விடங்கள் மசாய் இனம் உள்ளவரை அவர்களுக்கே உரியன என்று வாக்களிக்கப்பட்டது. இனம் அழியவில்லை, வாக்கு ஏழாண்டிலே அழிந்தது. லைக்கிப்பியாவும் நல்ல புல்வெளி என்பதைக் குடியேற்றக்காரர் கண்டுகொண்டனர். 1911இல் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. 1913 வரையில் ஏறத்தாழ 10,000 மக்களும் இலட்சக்கணக்கான கால்நடைகளும் தெற்கு நோக்கி ஓட்டப்பட்டனர்.

ஈட்டியைத் தூக்காமல் அவர்கள் நீதிமன்றை நாடினர் என்பது பலர் அறியாத செய்தி. 1913இல் ஓலே ஞோகோவும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். மசாய் மக்கள் பிரித்தானியப் பிரசைகளல்லர், அவர்களோடு செய்யப்பட்டது வேற்றரசொன்றோடு செய்த உடன்படிக்கை, ஆகவே அதனை விசாரிக்க இந்நீதிமன்றுக்கு அதிகாரமில்லை என்று வழக்குத் தள்ளப்பட்டது. நிலத்தைப் பறிக்கும்போது குடிகள்; நீதி கேட்கும்போது அந்நியர்! ஏகாதிபத்தியத்தின் தர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது.

தன்சானியப் பகுதியிலே பறிப்புக்கு வேறொரு பெயர் சூட்டப்பட்டது. 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1959இல் மசாய் மக்கள் அதனைவிட்டு வெளியேற்றப்பட்டு, அயலிலுள்ள ங்கொரொங்கொரோவிலே வனவிலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்ற உறுதியோடு குடியமர்த்தப்பட்டனர். மந்தைகள் குறைந்துபோன குடும்பங்கள் அங்கே வயிற்றுக்காகச் சிறு சோளத்தோட்டங்களைப் போடத் தொடங்கின. 1975இல் ஒரு சட்டத் திருத்தம் அங்கே பயிர்ச்செய்கையைத் தடுத்தது. 1992இல் தடை தளர்ந்தது. 2009இல் மீண்டும் வந்தது. மேய்ச்சலே தமது பெருமை என்றிருந்த மக்கள் பசியினாலே மண்வெட்டியைத் தொட்டபோது அதுவும் அவர்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டது. விருந்தாளிக்கு மண்வெட்டி கொடுக்கச் சொன்ன நைரேரேயின் ஆட்சிக் காலத்திலேயே அந்த முதல் தடை வந்தது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். சோஷலிசம் என்ற சொல் மாத்திரம் எவரையும் காப்பாற்றிவிடாது.

2022 ஜூன் மாதத்திலே, லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலத்தை விலங்குக் காப்பிடமாக்க எல்லைக்கல் நாட்டச் சென்ற பாதுகாப்புப் படையினருக்கும் மக்களுக்குமிடையே மோதல் ஏற்பட்டது. துப்பாக்கிச் சூட்டிலே பலர் காயமுற்றனர். ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். பெருந்தொகையானோர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினர். அதே ஆண்டிலே ங்கொரொங்கொரோவிலிருந்து குடும்பங்களைப் பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள முசொமெரா என்ற இடத்துக்கு அரசு நகர்த்தத் தொடங்கியது. அவர்கள் விரும்பியே செல்கின்றனர் என்றது அரசு. எஞ்சிநின்றோருக்கு வைத்தியசாலையும் பாடசாலையும் தேய்ந்துவரும் நிலையிலே விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மக்கள் கேட்டனர். இந்நிலையிலே தொண்டர் வண்ணம் பூசும் சுவர் எந்த நிலத்திலே நிற்கின்றது என்பதை அவரது பயணக் கையேடு கூறுவதில்லை.

நண்பர் சிலர் இவ்விடத்திலே இடைமறிக்கலாம். நிலவுரிமை வரும் வரைக்கும் பிள்ளை தாகத்தோடு இருப்பதா? அந்நியன் தோண்டினாலும் கிணறு கிணறுதானே? இது நியாயமான கேள்வி. வரலாறு பேசி வாயை அடைக்க முடியாத கேள்வியுமாகும். கிணறு கிணறுதான், தாகத்திற்கு வர்க்கப் பகுப்பாய்வு தெரியாது. நமது வாதம் வெளியார் அறிவையோ தொழில்நுட்பத்தையோ மறுப்பதன்று. கன்றுகளை வாரிக்கொண்டு போகும் கிழக்குக் கரைக் காய்ச்சல் என்ற நோய்க்குக் கென்யாவின் முகூகா ஆராய்ச்சி நிலையத்திலே ஒரு தடுப்பு முறை உருவாக்கப்பட்டது. வட தன்சானியாவின் மசாய் மேய்ப்பர்கள் அதனைத் தாமே தேடிச் சென்று, தம் பணத்தைக் கொடுத்து, கன்றொன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டனர். எவரும் அவர்கள் மேல் இரக்கப்படவில்லை. எவரும் அவர்களோடு நின்று படமெடுத்துக்கொள்ளவுமில்லை. கன்றுகள் பிழைத்தன.

பாடசாலையைப் பற்றி ஆசிரியர்களுக்கு நாம் அதிகம் கூறத் தேவையில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒருவரை, அவர் நல்லவர் என்ற ஒரே தகைமைக்காக, பிள்ளைகளின் மொழியை அறியாத நிலையிலே, இரண்டு வாரத்துக்கு வகுப்பாசிரியராக நியமிக்க நாம் ஒப்புவோமா? அவர் போன பின்பு இன்னொருவர் வந்து அதே எழுத்துக்களையும் அதே பாட்டையும் முதலிலிருந்து தொடங்குவார். வீட்டிலே மா மொழியும் நாட்டிலே சுவாஹிலியும் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதனைக் கற்பிப்பது ஒரு தொழில், விளையாட்டன்று. அதே கென்யாவிலே முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பல்லாயிரவர் நியமனமின்றிக் காத்திருக்கின்றனர். பிள்ளைக்கு இல்லாதது ஆசிரியனன்று; ஆசிரியனுக்குச் சம்பளம். ஒரு தொண்டரின் விமானச் சீட்டுக்கான பணம் அங்கே எத்தனை மாதச் சம்பளமாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது கணித வகுப்புக்கு நல்ல அப்பியாசமாக அமையும்.

இன்னும் கடினமான இடம் ஒன்றுண்டு. வீட்டுக்காரன் கேட்பதையே செய் என்று சொல்லிவிட்டோம். ஆனால் வீட்டுக்காரன் என்பவன் யார்? வீடு ஒருமித்த பொருளன்று. மந்தை கணவனுடைய ஆளுகையிலே இருக்கின்றது. தண்ணீர் மனைவியின் முதுகிலே இருக்கின்றது. விருந்தாளியின் பணம் அவ்விருவரில் எவர் கைக்குச் செல்கின்றது? பெண் பிள்ளைகளின் உறுப்பைச் சிதைக்கும் சடங்கும் பூப்பெய்தியதும் செய்துவைக்கும் மணமும் அவ்வீடுகள் பலவற்றிலே நிலவிவந்தவை. கென்யாவிலே 2011ஆம் ஆண்டுச் சட்டம் அச்சடங்கை முற்றாகத் தடைசெய்தது. தன்சானியாவிலே பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதனைச் செய்வது 1998 முதல் குற்றம். விருந்தாளி இதைக் கண்டும் வாய்மூடியிருப்பதா? அவரவர் கலாசாரம் அவரவர்க்கு என்று சொல்லும் சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. அழும் சிறுமிக்கும் அது கலாசாரந்தானா என்று எவரேனும் அவளிடம் கேட்டதுண்டா?

எனினும் அந்த வழக்கத்தை உடைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். கென்ய மசாய்ப் பெண்ணான நைஸ் நைலான்தேய் லெங்கெட்டே சிறுமியாயிருந்தபோது அச்சடங்கிலிருந்து தப்பி ஓடியவர். பின்னர் ஊர்ப் பெரியோரின் சபையிலே பேச விழைந்தபோது பெண்ணென்று மறுக்கப்பட்டார். இளைஞரிடம் பேசினார், அவர்கள் வழியாக முதியோரிடம் சென்றார், ஆண்டுக்கணக்கிலே பேசிப் பேசியே சிறுமிகள் பலரைக் காத்தார். தலைமையின் அடையாளமான கருங்கோல் அவரிடம் கொடுக்கப்பட்டது. அதுவரை அச்சமூகத்திலே எந்தப் பெண்ணிடமும் அது கொடுக்கப்பட்டதில்லை. 2018இல் உலகின் செல்வாக்குமிக்க நூறு பேரில் ஒருவராக டைம் சஞ்சிகை அவரைத் தெரிந்தெடுத்தது. அவருக்கு வெளியார் உதவி கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. ஆபிரிக்க வைத்திய சேவை நிறுவனமொன்றோடு சேர்ந்தே அவர் பணிபுரிந்தார். ஆனால் பேச வேண்டிய வாயும், காத்திருக்க வேண்டிய பொறுமையும், வசையைத் தாங்க வேண்டிய முதுகும் அவருடையவை. ஒரு வீட்டினுள்ளே இருவர் முரண்பட்டு நிற்கையில் விருந்தாளி நடுநிலை வகிக்க முடியாது. ஒடுக்கப்பட்டவளின் பக்கம் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். அவளுக்கு முன்னாலே போய் நிற்பதற்குத்தான் உரிமையில்லை.

இவை ஆபிரிக்காவின் தூரத்துச் சங்கதிகள் என்று நாம் இருந்துவிடவும் முடியாது. 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின் நமது வடக்கு, கிழக்குக் கரைகளும் தென்கரையும் விருந்தளித்த வீடுகளாயின. வந்தவர்களிலே இரவு பகல் பாராது பிணங்களை அகற்றியவர்களும் இருந்தனர். அவர்களை நன்றியோடு நினைக்கின்றோம். அந்தப் புழுக்கத்திலே குளிர்தேசத்துக் கம்பளி உடைகளின் பொதிகளும் வந்திறங்கின. அவற்றை அனுப்பியவர்களும் அன்பினாலேயே அனுப்பினர். என்ன வேண்டும் என்று கேட்பதற்குத்தான் எவருக்கும் நேரமிருக்கவில்லை.

மசாய் மக்களோ கேட்டாயிற்று. அதுவும் பலமுறை. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே தன்சானியாவிலிருந்து மசாய்ப் பிரதிநிதிகள் ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் பிரசல்ஸ் நகருக்கும் சென்றனர். செரெங்கெட்டிப் பாதுகாப்புக்குப் பல தசாப்தங்களாக ஜேர்மன் பணம் சென்றுகொண்டிருக்கின்றது; வேட்டைக்காரரும் உல்லாசப் பயணிகளும் அக்கண்டத்திலிருந்தே பெருமளவிலே செல்கின்றனர். ஆகவே எந்த வாயிலிலே நின்று கேட்க வேண்டுமென்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எங்களை எங்கள் நிலத்திலிருந்து அகற்றுவதை நிறுத்தச் செய்யுங்கள், உங்கள் பணம் அங்கே எதற்குப் பயன்படுகின்றது என்று பாருங்கள் என்பதே கோரிக்கை. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே ஐரோப்பியப் பாராளுமன்றம் அவ்வெளியேற்றங்களைக் கண்டித்துத் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. தீர்மானம் ஒரு காகிதம். அதற்குப் பின்னும் ங்கொரொங்கொரோ மக்கள் வீதியிலிறங்கிப் போராட வேண்டியிருந்தது, 2024 ஓகஸ்டிலே ஆயிரக்கணக்கில் இறங்கவும் செய்தனர்.

ஒசொட்டுவாவின் முதல் முறைமை, தேவையுற்றவன் கேட்க வேண்டும் என்பது. அது நிறைவேறிவிட்டது. கேட்ட இடம் பெர்லினும் வியன்னாவும் பிரசல்ஸும். அந்நகரங்களிலே, ஒருகாலத்தில் மசாய் வீட்டிலே பாலருந்தி உறங்கிய எத்தனையோ பேர், அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வாக்களிக்கும் உரிமையோடு வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். மண்வெட்டி இப்பொழுது அவர்கள் வீட்டு வாயிலிலே வைக்கப்பட்டிருக்கின்றது. வைத்தவர்களும் இம்முறை வீட்டுக்காரரே.